அம்மா முறுமுறுக்காத லெந்து

எங்கள் அம்மா முறுமுறுப்பதை விட்ட, ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாள் லெந்து நோன்பைப் போல என்னை எரிச்சலூட்டிய நாட்கள் வேறு இல்லை.

அதற்கு முன்னால் அவளுக்கு எல்லாவற்றிலும் குறைதான். தாம்பரத்துக் குழாயில் தண்ணீர் உப்பு. எலெக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார இடமில்லை. பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் வாசலில்தான் வந்து அசிங்கம் செய்கிறது. அடுப்பு மூட்டும்போது ஆரம்பித்தால் பாய் விரிக்கும்வரை ஓயாது. குரோம்பேட்டையில் தோல் கம்பெனி வேலை முடிந்தும் தான் நேராக வீட்டுக்கு வராததற்கு அந்த வாயே காரணம் என்பார் அப்பா.

ஆனால் என்னைப் பள்ளியில் சேர்த்ததும் அந்த வாய்தான். அப்பாவின் காதருகே ஒரு கோடை முழுக்கப் புலம்பிச் சேர்த்தாள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வேதாகமத்தை நான்தான் உரக்க வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று, வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர்களைப் பற்றிப் போதகர் பேசினார். லெந்துக்காக மற்றப் பெண்கள் மீனை விட்டார்கள், பூவை விட்டார்கள். அம்மா முறுமுறுப்பை விட்டாள். வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் நெஞ்சில் கையை வைத்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நன்றி சொல்லிவிடுவாள். பால் திரிந்தது, ஸ்தோத்திரம். கரண்ட் போனது, ஸ்தோத்திரம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் காலி டின்னோடு திரும்பினாள். நான்தான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். சானடோரியம் பக்கம் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டப் பெண்களை எடுக்கிறார்களாம்.

"எட்டு முடிச்சா போதும். ஜூன்ல அனுப்பிடலாம்" என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். உதடு துடித்தது. கை நெஞ்சுக்குப் போனது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். "இன்னாம்மா, வாயத் தொறந்து கேளேன்."

"முறுமுறுக்க மாட்டேன்னு பொருத்தனை பண்ணிகீறேன்டி. ஆண்டவர் பாத்துப்பாரு."

"ஆண்டவருக்கு அத்தையப் பத்தித் தெரியாதும்மா."

லெந்தில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பெண்கள் ஒவ்வொருவராக ஜெபிக்க, ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முறை வந்தபோது அப்பா சீக்கிரமே வந்து, குளித்து, போதகர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சபையிலேயே அவர் ஆமென்தான் பெரிய ஆமென்.

அம்மா குழாய்த் தண்ணீருக்கு நன்றி சொன்னாள். ஆமென். பக்கத்து வீட்டுக் கோழிக்குக்கூட நன்றி சொன்னாள். ஆமென். பிறகு, "என் பொண்ண ஒம்போதாங் கிளாஸ் அனுப்ப என் வூட்டுக்காரரு மனசுல தயவு வச்சியே, அதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

"ஆமென்" என்றார் அப்பா, எல்லோரையும்விடச் சத்தமாக. அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். நானும் திறந்திருந்தேன். அம்மாவின் கண் மட்டும் மூடியே இருந்தது. முந்தானையைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டீ குடிக்கும்போது போதகர் அப்பாவின் தோளைத் தட்டி, "நல்ல முடிவு எடுத்தீங்க" என்றார். அப்பா இன்னொரு டம்ளர் டீ கேட்டார். ஜூனில் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். ஈஸ்டர் முடிந்தும் அம்மாவிடம் பழைய புலம்பல் திரும்பவில்லை.

ஆனால் அன்று, எல்லோரும் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா இன்னும் சரின்னே சொல்லலியேம்மா. நடக்காதத நடந்துச்சுன்னா சொல்லுவாங்க?"

"நான் ஒண்ணும் குறை சொல்லலியே" என்று டம்ளர்களைக் கழுவப் போனாள்.

எனக்குத் தாங்கவில்லை. படித்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கும்போதே ஆண்டவருக்குத் தப்பான தகவல் போய்விட்டது. படுக்குமுன் முழங்கால் போட்டு, அம்மாவுக்கு விவரம் போதாது, மன்னித்துவிடும் என்று அவளுக்காக நானே ஜெபித்தேன்.