தனம் அக்காவின் உயரம்

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு பொது சைக்கிள் பட்டறை தொடங்கியபோது, அதில் தனம் அக்காவால் வேலை செய்ய முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வாடகை சைக்கிள் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ஆயுசைக் கழித்தவர். இப்போது மூட்டு தேய்ந்துபோய், இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்று வேலை பார்க்க முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். வீட்டோடு கிடக்கிற ஆளா அவர்? தெருவில் யாருடைய செயின் கழன்றாலும் முதலில் ஓடி வருகிறவர்.

அவருடைய கணவர் சவுரிமுத்து அண்ணன் தச்சர். மேசை தன் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டார். அக்கா சாக்பீஸால் தரையில் இடம் பிரித்தார். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி வாசலோரம். ஈரம் உள்ளே வரக்கூடாது. சைக்கிளைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்ட் மேசைக்கு எதிரே. திரும்பினால் ஸ்பேனர் கைக்கு வர வேண்டும். மேசையின் உயரத்தை மட்டும் அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை.

மேசை வந்தது. அழகான மேசைதான், குறை சொல்ல முடியாது. அக்கா அதன்மேல் ஒரு சக்கரத்தை வைத்து நட்டைத் திருப்பிப் பார்த்தார். தோள் காதுவரை ஏறியதே தவிர நட்டு அசையவில்லை. குதிகாலைத் தூக்கி எம்பினார். முழங்கால் வலியில் முகம் சுருங்கிப்போனது.

"நம்மளால ஆவாது. வேற ஆள் பாத்துக்கோங்க," என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "அளவு எடுக்காமலாண்ணா செஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"எடுக்காம இன்னா? வூட்டுச் சமையல் மேடைய அளந்துகினு வந்துதான் செஞ்சேன். தெனம் அங்கதானே நின்னுகினு கீறா?" என்றார் அண்ணன்.

அக்கா அவரைப் பார்த்தார். "கொத்தனார் அத உங்க இடுப்புக்கு வெச்சிக் கட்டினாருங்க. தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கிறேனே, அது இன்னான்னு நெனச்சீங்க?"

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா கட்டினது. எப்டி சொல்றது?"

அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அக்காவை நேராக நிற்கவைத்து, மடங்கிய முழங்கைக்குக் கீழே அதைப் பிடித்து அளந்தார். பிறகு மேசையைக் கவிழ்த்து நான்கு கால்களையும் அறுத்தார். இந்தத் தடவை நட்டு சுழன்றது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்டியே வூட்டு மேடையையும் அறுத்துடுங்க," என்று அக்கா சீண்டினார்.

"அது கல்லு, அறுக்க முடியாது," என்றார் அண்ணன். "என் உசரத்துக்குக் கட்டினதுதானே? இனிமே அங்க நான் நிக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் அவர் பட்டறைக்குக் கொண்டுவந்த சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. அக்கா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.