ஜிங்க் பாட்டிலில் இருந்தது

சித்தப்பா போய் இருபது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்த பழைய மாணவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியவில்லை. "கிப் அண்ணன் வீடு இதுதானே?" என்று தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

கிப் என்பது வேதியியல் லேபின் மூலையில் நிற்கும் ஒரு கண்ணாடிக் கருவி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவைத் தயாரித்துக் கொடுக்கும். சித்தப்பா இருபத்திரண்டு வருடம் அதன் பக்கத்தில் நின்றவர். "இவர் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிரும், அடுப்பைப் பத்த வைக்கலாம்னு," என்பாள் சித்தி.

எங்கள் கல்லூரி வாடகைக்கு எடுத்த ஒரு பஞ்சுக் கிடங்கில் தொடங்கியது. முதல் வருடம் அறுபத்தோரு மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள். நடுவில் மரத் தட்டி வைத்துத்தான் வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். வரலாற்று வகுப்பில் நடக்கும் போர் கணக்கு வகுப்பிலும் கேட்குமாம். பஞ்சு எடை போட்ட கொட்டகை லேப் ஆனது. அங்கே குழாய் இல்லாததால் தண்ணீர் சுமக்கச் சித்தப்பாவை எடுத்தார்கள். எட்டு வருடம் கழித்துப் புதுக் கட்டடமும் குழாயும் வந்தபோது அவரை அனுப்பிவிடத்தான் நினைத்தார்கள். ஆனால் எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது அதற்குள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. லேப் அட்டெண்டர் ஆக்கினார்கள்.

பிராக்டிகல் பரீட்சையில் ஆளுக்கொரு பொட்டலம் பொடி கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பொட்டலம் மடித்து எண் போடுவதும், எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று பட்டியல் எழுதித் தேர்வாளரிடம் கொடுப்பதும் சித்தப்பாவின் வேலை. அதனால் அந்த ஒரு வாரம் முதல்வரைவிட அவருக்குத்தான் மரியாதை அதிகம்.

"அண்ணே, வாயே திறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்கண்ணே."

"ஆட்டுனா கழண்டுரும்டா. போய் டெஸ்ட் பண்ணு."

கேண்டீனில் ஒருவன் டீ வாங்கி வைத்து, "சும்மா அன்புக்குத்தாண்ணே," என்றானாம். இவர் குடித்து முடித்து, "நானும் அன்பாத்தான் சொல்றேன், படிடா," என்றாராம்.

நானும் அங்கேதான் படித்தேன். இறுதியாண்டில் எனக்கு வெளியூரில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதத்துக்குள் தேர்ச்சிச் சான்றைக் காட்ட வேண்டும். பிராக்டிகலில் தோற்றால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். அப்பாவோ, "இந்த வருஷம் சேர்ந்தாத்தான் படிப்பு, இல்லேன்னா வீட்டுல இரு," என்று முடிவாகச் சொல்லியிருந்தார்.

பரீட்சையில் என் எண் பதினொன்று. உப்பில் எந்த உலோகம் என்று பார்க்கும் நான்காவது குரூப் சோதனைக்காக டெஸ்ட் ட்யூபைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கிப்பிலிருந்து வாயுவை விட்டார். கரைசல் அப்படியே தெளிவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். அப்போதும் ஒன்றும் இல்லை. அவர் முகம் சட்டென்று வெளிறியது. "போம்மா," என்றார்.

எனக்கு முன்னால் வந்த விடுதிப் பெண்ணுக்கும், பின்னால் வந்த நெட்டையனுக்கும் இதேதான் நடந்தது. எங்கள் மூன்று பேருடைய எண்ணுக்கும் அவருடைய பட்டியலில் ஜிங்க் சல்பேட் என்று இருந்தது. ஜிங்க் என்றால் அந்த வாயு பட்டதும் வெள்ளையாக வீழ்படிவு இறங்கியிருக்க வேண்டும்.

ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். முந்தின வாரம் காலியான ஜிங்க் பாட்டிலில் புதுப் பையைப் பிரித்துக் கொட்டியது அவர்தான். அலமாரியில் ஜிங்க் சல்பேட் பை தையல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பிரிந்து கிடந்தது பக்கத்தில் இருந்த மெக்னீசியம் சல்பேட் பை.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. வைவாவுக்கு என் முறை வந்தது. வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பதினொண்ணு. என்ன சால்ட்?"

"மெக்னீசியம் சல்பேட், மேடம்."

பட்டியலைப் பார்த்தார். "நிச்சயமாவா?"

"நாலாவது குரூப்ல எதுவும் வரல, மேடம்."

பேனா கட்டத்துக்குள் ஒரு வட்டம் போட்டது. "போகலாம்."

வெளியே காரிடாரில் நெட்டையன், "உனக்கும் முட்டைதானா?" என்றான். விடுதிப் பெண் சுவரில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் கதவருகிலேயே நின்றோம்.

உள்ளே மதிப்பெண் தாள் உறைக்குள் போய்விட்டது. சீல் வைக்கத் துறைத் தலைவர் அரக்கு கேட்டார். சித்தப்பா அரக்கையும் மெழுகுவர்த்தியையும் மேஜையில் வைத்தார். தீப்பெட்டியைக் கொடுக்கவில்லை.

"மேடம், ஜிங்க் பாட்டில்ல இருக்கிறது ஜிங்க் இல்ல. நான்தான் மாத்திக் கொட்டிட்டேன். மூணு பேரு சரியா எழுதியிருக்காங்க."

"என்னய்யா உளர்ற?" என்றார் துறைத் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினொண்ணு யாருன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

மேடத்துக்கு அது கேட்டுவிட்டது. "யாரு?"

"என் அண்ணன் பொண்ணு, மேடம்."

சொந்தக்காரர் எழுதும் பரீட்சையில் அட்டெண்டர் லேபுக்குள்ளேயே வரக்கூடாது என்பது விதி. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுப் பொண்ணு தப்பா எழுதினதும் பாட்டில் மாறிடுச்சாக்கும்?"

உள்ளே போய், எனக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் கதவைத் தாண்டவில்லை.

"என்னை நம்ப வேண்டாம், மேடம். பொடியை நீங்களே பாருங்க."

"இவ்வளவு நேரத்துல பாட்டில்ல எதை வேணும்னாலும் கொட்டியிருக்கலாமே," என்றார் துறைத் தலைவர்.

"பாட்டில் வேண்டாம்," என்று மேடம் எழுந்தார். விடுதிப் பெண்ணின் மேஜைக்குப் போய் அங்கே மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தார். "நீங்க சுவர் ஓரமா நில்லுங்க. எதையும் தொடக்கூடாது."

சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் பொடியைக் கரைத்து, ஒவ்வொரு திரவமாகச் சேர்த்தார். பல வருடம் கையால் செய்து பார்க்காதவர் என்பது துளிகளை எண்ணியதிலேயே தெரிந்தது. கடைசியாகப் பாஸ்பேட் கரைசலை விட்டு ட்யூபை வெளிச்சத்தில் பிடித்தார். மெக்னீசியமாக இருந்தால் இப்போது வெள்ளை வர வேண்டும்.

வரவில்லை. அரை நிமிடம் போனது. நெட்டையன் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். விடுதிப் பெண் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல, பார்த்தீங்களா," என்றார் துறைத் தலைவர். "சீல் வச்சிரலாம், மேடம்."

"கண்ணாடிக் குச்சியால உள்பக்கம் உரசுங்க, மேடம்," என்றார் சித்தப்பா சுவரோரத்திலிருந்து. "மெக்னீசியம் கொஞ்சம் சோம்பேறி. எழுப்பி விட்டாத்தான் வரும்."

மேடம் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்து உரசினார். உரசிய கோட்டில் மெல்லிய வெள்ளை படிந்தது. இன்னும் இரண்டு முறை உரசியதும் கரைசல் முழுக்கக் கலங்கி வெள்ளை இறங்கியது.

உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார். மூன்று வட்டங்களையும் அடித்து, பக்கத்தில் மதிப்பெண் எழுதி, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு சித்தப்பாவிடம், "இப்பவாவது தீப்பெட்டியைக் கொடுங்க," என்றார்.

விசாரணை பத்து நாள் கழித்து வந்தது. அட்டெண்டர் தன் உறவை மறைத்துவிட்டார் என்று துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தார். அது பொய். பரீட்சைக்கு முந்தின வாரமே, "அண்ணன் பொண்ணு எழுதுது சார், நான் அன்னிக்கு லீவு போடட்டுமா?" என்று சித்தப்பா அவரிடம் கேட்டார். "உன்னை விட்டா கிப்புல கேஸ் விட எவன் இருக்கான்? பேசாம வா," என்றார் அவர். நான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

முதல்வர் கேட்டபோது சித்தப்பா இதைச் சொல்லவே இல்லை. லேப் சாவியை வாங்கிக்கொண்டு அவரைச் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை, ஒன்பது வருடம், அங்கேதான் டோக்கன் கொடுத்தார்.

"ஏன் சித்தப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒரே மாசத்துல எத்தனை உண்மைம்மா சொல்றது? பழக்கமில்ல," என்றார். பிறகு, "பாட்டிலை மாத்தினது நான்தானே," என்றார்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சாட்சி நான் ஒருத்திதான். ஆனால் ரிசல்ட் வரவில்லை, என் தாள் இன்னும் அவர்கள் கையில் இருந்தது. ரிசல்ட் வரட்டும், அப்புறம் முதல்வரைப் பார்க்கலாம் என்று இருந்தேன். வந்தது. மூன்று பேரும் தேறியிருந்தோம். அதற்கு அடுத்த வாரம் நான் ரயிலேறிவிட்டேன்.