தண்ணீர் ஊற்றிய சோறு

சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றியவன் நான். அந்த மத்தியானம் சமையல் முறை என்னுடையது. பானை கழுவும் பொறுப்பும் என்னுடையது. ஆனால் பானையின் அடியில் ஒருவருக்கான சோறு இன்னும் இருந்தது. அந்த ஒருவர் ஜன்னலோரம் வெறும் தட்டோடு நின்று, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தவர். அது தெரிந்துதான் ஊற்றினேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. சில பருக்கைகள் மேலே எழும்பி வந்தன. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் திருப்பி எடுக்கலாம் என்றால், அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. கிழக்கு பெர்லினில் வந்திறங்கி மேற்குப் பக்கம் கடந்த எங்களைப் பிரித்து, வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஹைம், அதாவது அகதிகள் விடுதி, முன்பு படையினர் தங்கியிருந்த கட்டடம். நீண்ட தாழ்வாரங்கள், இரும்புக் கட்டில்கள், சமைக்க எல்லோருக்கும் ஒரே குசினி. நாங்கள் யாழ்ப்பாணத்தார் எல்லோரும் ஒரே பானையில் முறை வைத்துச் சமைத்தோம். ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைத்திராதவர்களும் அங்கே ஒரே பானையில் சாப்பிட்டார்கள். அந்தப் பானையில் பங்கு இருந்தால் நாங்கள் ஒரு சனம். இல்லாவிட்டால் தனி அகதி. நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன். ஆங்கிலம் தெரியும், ஜெர்மன் கொஞ்சம் பிடித்துவிட்டேன். அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை நிரப்ப, அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டால் கூடப் போக, எல்லோரும் "மாஸ்டர், மாஸ்டர்" என்று என்னிடமே வருவார்கள். அந்த மரியாதை எனக்குத் தேவையாக இருந்தது. அது இல்லாமல் அங்கே நான் யாருமில்லை.

பிறகு அவர் வந்தார். என்னைவிட இளையவர், முப்பதைத் தாண்டியவர். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மடிப்பார். சண்டை வந்தால் குரலை உயர்த்தாமல் நடுவே போய் நிற்பார், சண்டை அடங்கிவிடும். கொஞ்ச நாளில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் அண்ணை ஆகிவிட்டார். ஒரு பழக்கம் மட்டும் எங்களுக்கு விநோதமாக இருந்தது. கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும்வரை அவர் தட்டில் கை வைக்கமாட்டார்.

ஏன் என்று எனக்கு மட்டும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் அறைக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பதக்கத்தை மேசையில் வைத்தார். அவர் இலங்கை இராணுவத்தில் கப்டன். மலைநாட்டில் இருந்த பயிற்சிக் கல்லூரியில் படித்து வெளியேறியவர். அவரோடு படித்த தொகுதியில் தமிழர் என்று சொல்ல வேறு எவரும் இல்லை. "முதல் கிழமையே பழக்கிப்போடுவாங்கள் மாஸ்டர். தன்ரை ஆக்கள் சாப்பிட்டு முடியாமல் ஒபிசர் சோத்துக் கோப்பையைத் தொடக்கூடாது. இப்ப விடுவம் எண்டாலும் ஏலாமல் கிடக்கு."

பதக்கத்தின் கதையையும் சொன்னார். வடக்கில் ஒரு வீதியில் அவர்களுடைய ட்ரக் கண்ணிவெடியில் சிக்கி எரிந்தது. இரு பக்கமும் வெடிச்சத்தம். அவர் திரும்பி ஓடிப்போய் உள்ளே கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தார். அவர்களில் ஒருவன் கல்லூரியில் அவருடைய பக்கத்துக் கட்டில்காரன், சிங்களவன். வெடித்த பிறகும் நினைவு தப்பும்வரை ட்ரக்கிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தவன். இருவருக்கும் ஒரே மேடையில் பதக்கம் குத்தினார்கள். "அவன் காலில்லாமல் வந்து வாங்கினவன். இது சுட்டதுக்குத் தந்ததில்லை மாஸ்டர், தூக்கினதுக்குத் தந்தது." சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தமிழ்க் கிராமத்தின் வீடுகளைக் கொளுத்தச் சொன்னபோது மறுத்தார். விடுப்பில் கொழும்புக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அவருடைய அறையில் கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள். என்னிடம் பூட்டுப் போடும் அலுமாரி இருந்தது. "உங்களிட்டை இருக்கட்டும் மாஸ்டர். இது வெளியிலை தெரியக்கூடாது. ஊரிலை அம்மா தனிய இருக்கிறா. ஆமிக்காரன்ரை தாய் எண்டு தெரிஞ்சால் அவவுக்குத்தான் கரைச்சல்." யாருக்கும் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பொய்யாகச் செய்யவில்லை. அந்த நேரம் அதை மனதாரத்தான் செய்தேன்.

அந்த மாதங்களில் ஹைமில் எங்களுக்குப் பொதியில் சாப்பாடு கொடுத்தார்கள். கறுத்தப் பாண், தகரத்தில் அடைத்த இறைச்சி. அரிசி வேண்டும் என்று நான் ஒரு முறைப்பாடு எழுதி, எல்லோருக்கும் நின்று வாசித்துக் காட்டினேன். பதில் வரவில்லை. அண்ணையோ ஹைம் பொறுப்பாளரின் தோட்டத்தில் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தார். அடுத்த கிழமை அரிசி மூட்டை வந்திறங்கியது. எங்களோடு ஒரு மயிலிட்டிக்காரர் இருந்தார். கடற்றொழிலாளி, பகிடிக்காரர், தம்பியை ஆமியிடம் பறிகொடுத்தவர். அவர் குசினியில் வைத்துச் சொன்னார்: "மாஸ்டர் கதைச்சால் எங்களுக்குப் பாடம். அண்ணை கதைச்சால் எங்களுக்குச் சோறு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு காரணம் இருந்ததாக எழுத எனக்கு ஆசை. இனம், இழப்பு, ஊர் எரிந்த கோபம் என்று பெரிய சொற்களை அந்தக் காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. உண்மையில் ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் செய்தேன்.

என் சமையல் முறை வந்த நாள், எல்லோரும் தட்டோடு கூடியபோது, பதக்கத்தைக் கொண்டுவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது ஆரின்ரை சாமான் தெரியுமோ? உங்கட அண்ணை ஆமியிலை கப்டன். எங்கட மண்ணிலை சண்டை பிடிச்சு வாங்கின பதக்கம்."

மயிலிட்டிக்காரர் அவரைப் பார்த்தார். "அண்ணை, உண்மையோ?"

"ஓம்."

பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உதவி கேட்பவரின் முகம்தான் இருந்தது. "மாஸ்டர், மிச்சத்தையும் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றேன்.

அவரே சொல்லியிருக்கலாமே என்று பல வருடங்கள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். அந்த இடத்தில் அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? நான் சொன்னால் நம்பியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யாரும் அவரை அடிக்கவில்லை. பேசாமல் சாப்பிட்டார்கள். அவர் வழக்கம்போல ஜன்னலோரம் நின்றார். கடைசி ஆளும் எழும்பிய பிறகு தட்டோடு வந்தார். அப்போதுதான் நான் குழாயைத் திறந்து பானையை நிரப்பினேன். அவர் அழுக்குப்படாத அந்தத் தட்டைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். பதக்கத்தை எடுக்கவில்லை. அதன் பிறகு தன் அறையில் பாண் சாப்பிட்டார். இடம் மாற்றம் கேட்டுப் போகும்வரை அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. பின்னால் போய் "கப்டன், கப்டன்" என்று பழித்துக் காட்டியவர்கள் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

பதக்கம் என்னிடமே தங்கிவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பேன். என் மனைவி அது என்ன என்று ஒருமுறை கேட்டாள். யாரோ தந்து வைத்தது என்றேன். அது பொய்யில்லை. அரைவாசி உண்மை சொல்வதில் நான் அதற்குள் பழகியிருந்தேன்.

மயிலிட்டிக்காரரின் மகளுக்குப் போன வருடம் கலியாணம். மண்டபத்தில் அவரைத் தனியே கூப்பிட்டு, நான் விழுங்கிய மிச்சத்தைச் சொன்னேன். தலை நரைத்து, ஊன்றுகோலோடு நின்றார். "இவ்வளவு காலமும் என்னையும் பாவியாக்கி வைச்சிருந்திருக்கிறியள் மாஸ்டர்" என்றார். கப்டன் ஹம்பேர்க்கில் இருப்பதை விசாரித்துச் சொன்னவரும் அவர்தான். சேர்ந்து போவோமா என்று கேட்டேன். "நான் வேறயாப் போறன். உங்களோட வரமாட்டன்."

நான் பிறகு தனியே போனேன். கப்டன்தான் கதவைத் திறந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மனைவி வேலைக்குப் போயிருந்ததால் அவரே சமைத்துக்கொண்டிருந்தார். பதக்கத்தை மேசையில் வைத்து, வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பதக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறியள். நான் ஒருக்காலும் துடைச்சதில்லை."

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஹைமிலயிருந்து ஆரோ ஊருக்கு எழுதிப்போட்டினம். ஆக்கள் வீட்டை வந்து விசாரிக்கத் தொடங்க, வீட்டைப் பூட்டிப்போட்டு மன்னாருக்குப் போனவ. அங்கைதான் கண்ணை மூடினவ. நான் கடைசிவரை பாக்கேல்லை."

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தவன், அதைக் கேட்கவில்லை. மயிலிட்டிக்காரர் வந்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், போன கிழமை வந்தவன். அழுதான். பிறகு ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட்டனாங்கள்." அடுப்பைத் தணித்தார். "நீங்களும் சாப்பிட்டிட்டுப் போங்கோ மாஸ்டர். வந்தவரை வெறுவயித்தோட அனுப்பேலாது."

ஒரே ஒரு தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டார், மீன்குழம்பு விட்டார். "நீங்கள்?" என்றேன். "எனக்குப் பிறகு." படைக் கல்லூரிப் பழக்கம் என்று நினைத்துக்கொள்ள மிகவும் விரும்பினேன். ஆனால் மயிலிட்டிக்காரரோடு அவர் ஒன்றாக இருந்து சாப்பிட்டிருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டை நானே கழுவித் துடைத்து வைத்தேன். பதக்கம் மேசையில் இருந்தது. அடுப்பில் பானை இருந்தது. அதில் இன்னும் ஒருவருக்கான சோறு இருந்தது. நான் சப்பாத்துப் போட்டுக் கதவைச் சாத்தும்வரை அவர் அதன் மூடியைத் திறக்கவில்லை.