தராசுக்குத் துணி விரித்தவள்

செண்பகம் போய்விட்டாள் என்று ஜீப் டிரைவர் போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலின்னாங்கக்கா. கீழ எறக்கினு வர்றதுக்குள்ள வழியிலேயே முடிஞ்சிடுச்சு" என்றார். மலைமேல் புதூர்நாட்டுச் சுகாதார நிலையத்தில் அவளோடு வேலை பார்த்தவள் நான்; அங்கே அவளிடம் பிள்ளை பெற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் நர்ஸம்மா இனி வரமாட்டாள்.

எடை பார்க்கும் எவர்சில்வர் தட்டில் துணி விரிக்காமல் எந்தக் குழந்தையையும் கிடத்த விடமாட்டாள். "இன்னா சிஸ்டர், தராசுக்கும் சட்ட போடுறீங்க?" என்று ஒரு தகப்பன் கேலி செய்தார். ஒரு கையைப் பக்கத்து மரப்பலகையிலும் மறு கையைத் தட்டிலும் வைக்கச் சொன்னாள். தட்டுதான் சில்லென்று இருக்கிறது என்றார் அவர்.

"ரெண்டும் ராத்திரி பூரா ஒரே ரூம்லதாண்ணா இருந்துச்சு. பலக உங்க சூட்ட மெதுவா எடுக்குது, தட்டு வெடுக்குனு புடுங்குது. அதுக்குப் போய் சில்லுன்னு பேரு வெச்சிருக்கோம்."

துணியால் எடை தப்புமே என்று நான் முணுமுணுப்பேன். "துணி எடைய கழிச்சுக்கலாங்க்கா. போன சூட்ட யாரு கூட்டுறது?" என்பாள்.

ஒரு மார்கழியில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து குறைமாதக் குழந்தை வந்தது. தாய் ஜீப்பின் பின்சீட்டில் மயங்கிக் கிடந்தாள். கல்யாணச் சீராக வந்த புது அலுமினிய அன்னக்கூடைப் பாத்திரத்தில் மெல்லிய துண்டைப் போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்தி, மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் தகப்பன். எவர்சில்வரைவிட அலுமினியம் இன்னும் வேகமாகச் சூட்டை இழுக்கும். செண்பகம் பிள்ளையைத் தன் மார்போடு சேர்த்துச் சேலையால் மூடிக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. "வூட்ல இருந்ததுலயே நல்ல ஏனம் சிஸ்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் அவள் காரணத்தைச் சொல்லவே இல்லை. என்னிடம் வந்துதான், "ஆசையா எடுத்தாந்திருக்காருக்கா" என்று அழுதாள்.

அதற்குப் பிறகு கர்ப்பிணி இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கி, பிள்ளையைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லி வந்தாள். இனி யார் போவார்கள்? யாரும் போகப்போவதில்லை. எனக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை.

பிணவறையில் வெறும் இரும்பு மேசைமேல் கிடந்தாள். அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவள் தங்கை அழுதபடியே வந்து அந்தக் கையை வாங்கினாள். வாங்கியவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"அக்கா கை சூடா கீதும்மா! டாக்டர கூப்டுங்க!"

செண்பகத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சிய அறிவு, என்னை ஒரு நிமிடம்கூட ஏமாற விடவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அது என் கைச் சூடு."