சயனைடு மேட்டில் ஒரு டிராயிங் டீச்சர்

சென்ற புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஸ்கெலட்டன் என்கிற எங்கள் தங்கச் சுரங்கத்து ஊரில் இது அன்றாட நிகழ்ச்சி அல்ல. தபால்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுக்காமலே கேட்டார்.

"இன்னாம்மா இது, பலகையா?"

"படம் சார்."

"யாரு படம்?"

யாருடைய படமும் இல்லை என்பதுதான் சரியான பதில். ஆனால் அப்படிச் சொன்னால் பார்சல் வந்த வழியே திரும்பிவிடும் போலிருந்தது. "ஒரு டீச்சர் அனுப்பியிருக்காங்க" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. டீச்சர் என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்கக்கூடாது என்று நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள் அல்லவா?

அந்த டீச்சரைப் பற்றித்தான் இந்த வாரம்.

அவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. எழுபதைக் கடந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு நகரத்துப் பள்ளியில் டிராயிங் சொல்லிக்கொடுத்தே கழித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில், துணி தேய்க்கும் பலகையின் மேல் கான்வாஸைக் கிடத்தி, அரூப ஓவியம் தீட்டினார். அரூபம் என்றால் — மரம் இல்லை, மாடு இல்லை, மனிதர் இல்லை. பட்டை பட்டையாக வண்ணம் மட்டும். பணி ஓய்வுக்குப் பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. அதுவும் அரைக் கவனம். அவருடைய கண்காட்சியின் தொடக்க விழாவிலேயே, கோட்டு அணிந்த ஒரு கனவான் தாம் குடித்து முடித்த கண்ணாடித் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாராம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று எங்கள் பேராசிரியர் பதறிப்போய்க் கேட்டார்.

"வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நல்ல தம்ளர். இன்றைக்கும் பிரஷ் கழுவுவது அதில்தான்."

இந்த உரையாடல் நடந்தது சென்ற ஆண்டு, பெங்களூரில் நான் ரயிலில் போய்வந்து எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் கல்லூரியில். சில வாரங்களுக்கு விருந்தினராக வந்திருந்த டீச்சர், தம் ஓவியங்களை ஸ்லைடு போட்டுக் காட்டினார். ஆரஞ்சுப் பட்டை, நீலப் பட்டை, மறுபடியும் ஆரஞ்சு. எங்கள் வகுப்பின் நிரந்தரப் புரட்சியாளன் எழுந்தான். "உங்கள் மக்கள் பட்ட துயரம் இதில் எங்கே இருக்கிறது?"

டீச்சர் அலுத்துக்கொள்ளவில்லை. சாக்பீஸைக் கடன் கேட்கும் மாணவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரர்கள் என்னிடம் கண்ணீர் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் உயர்த்திய முஷ்டி கேட்டார்கள். என்னிடம் அன்றைக்கு இருந்தது ஆரஞ்சு. அதைக் கொடுத்தேன்."

புரட்சியாளன் உட்கார்ந்தான். நான் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். ஒரு கறுப்பினப் பெண் துயரத்தைத் தவிர வேறு எதையும் வரையலாகாது என்று விதித்தவர் யார்? சுரங்கத்து ஊரிலிருந்து வருகிற என்னிடம்கூடத்தான், முதல் அறிமுகத்திலேயே, "அங்கே ரொம்பக் கஷ்டமாமே" என்று ஆவலோடு கேட்கிறார்கள். மழை நன்றாகப் பெய்தது என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்கள்.

உரையின் முடிவில் டீச்சர் ஒரு விருப்பம் தெரிவித்தார். பல நிறத்து மண் கிடைக்கும் இடம் ஏதாவது பக்கத்தில் உண்டா? என் தோழி என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டாள்.

எங்கள் ஊரில் சயனைடு மேடுகள் இருக்கின்றன. சயனைடு கலந்து தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மேடாகி, குன்றாகி, சாம்பலும் மஞ்சளும் வெளிறிய பழுப்புமாக நிற்கிறது. நாங்கள் பிறந்தது முதல் அவற்றைப் பார்க்கிறோம். ஆகவே பார்ப்பதே இல்லை.

சனிக்கிழமை அழைத்துவருவதாக ஒப்புக்கொண்டேன். அது எங்கள் வீட்டுக்கு மிக மோசமான சனிக்கிழமை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

காரணம், அப்பா. இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு அவருடைய பிடிவாதம் புதிதல்ல. புதிதாக வருபவர்களுக்காக: அப்பா அப்போது சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியே பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை, மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்தபடி, மணிச் சத்தத்தைக் கேட்டே இறக்குபவர், ஏற்றுபவர். ஒரு ஷிஃப்ட் ஆட்களின் உயிர் அவர் கையிலிருக்கும் லிவரில். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்பது உறுதியாகிவிட்டிருந்தது. என் மாமா பெங்களூரில் எட்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்.

லிஃப்ட் ஆப்பரேட்டர்.

அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றிடம் சொல்வது போல, "திங்கக்கெழமை போறேன்" என்றார். திங்களன்று போகாவிட்டால் வேறொருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவும் நானும் மூச்சுவிடாமல் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில்தான் டீச்சர் வந்து இறங்கினார்.

மேட்டின் மேல் டீச்சர் செய்ததை அப்படியே சொல்கிறேன். கைப்பையிலிருந்து காலி ஃபிலிம் ரோல் டப்பிகளை எடுத்தார். ஒரு தேக்கரண்டி எடுத்தார். இங்கே கொஞ்சம், சரிவில் கொஞ்சம், மழை அரித்த பள்ளத்தில் கொஞ்சம் என்று மண்ணைச் சுரண்டி, வெயிலில் தூக்கிப் பார்த்து, டப்பியில் போட்டு மூடி, மேலே பேனாவால் பெயர் எழுதினார். 'நனைந்த யானை.' 'பாட்டன் பல்.' 'ஆறிப்போன தேநீர்.' அவர் நிறங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? எங்கள் ஊரில் மண்ணைச் சுரண்டி டப்பியில் போட்டு லேபிள் ஒட்டுபவர்கள் ஒரே ஒரு ரகம்தான். தங்கம் இருக்கிறதா என்று சாம்பிள் எடுக்கும் கம்பெனிக்காரர்கள். எடுப்பவர் கறுப்பினத்தவர் வேறு. எங்கள் சுரங்கத்தின் ஆழத்துக்குப் போட்டியாக ஊர்க்காரர்கள் ஒரே ஒரு நாட்டைத்தான் ஏற்றுக்கொள்வார்கள்: தென்னாப்பிரிக்கா. இரண்டும் இரண்டும் நான்கு. நாங்கள் இறங்குவதற்கு முன்பே செய்தி இறங்கிவிட்டது. மைன்ஸை வாங்க ஆப்பிரிக்காக் கம்பெனி வந்துவிட்டது.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருக்கும் எங்கள் லைன் வீட்டு வாசலில் கூட்டம். எங்கிருந்தோ ஒரு கைவைத்த நாற்காலி. டீச்சர் கையில் கோலி சோடா. பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணன் — சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுப்பவர், யூனியன் ஆள், எதையும் இரண்டாம் முறை யோசிக்காதவர் — வரவேற்புக் குழுத் தலைவராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டிருந்தார்.

"மேடம் எந்த கம்பெனிம்மா?"

"கம்பெனி இல்லண்ணா. டிராயிங் டீச்சர். அமெரிக்கா."

"டிராயிங் டீச்சருக்கு டப்பி எதுக்கு?"

"கலருக்கு."

"கலரு கடைல விக்கலியா?" அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ரகசியமா வெச்சிக்கினு கீறாங்கப்பா. வெளிய சொன்னா ரேட்டு ஏறிடும்ல."

ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார். வரும் வழியிலேயே அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. ஒரு வாரமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.

"பாத்தியா? நான் எதுக்கு லிஃப்ட்டுக்குப் போவணும்?" என்றார் அம்மாவிடம். பிறகு என்னிடம், "கேளு பாப்பா. எந்த ஷாஃப்ட்ட எடுக்கறாங்களாம்?"

நான் கேட்டேன். "நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை" என்றார் டீச்சர். தமிழில் சொன்னேன். எல்லோரும் மிக மரியாதையாகச் சிரித்தார்கள்.

நிலைமை புரிந்துகொண்ட டீச்சர், தாம் ஓவியர்தாம் என்பதை நிரூபிக்க முடிவுசெய்தார். கைப்பையிலிருந்து தம் ஓவியம் ஒன்றின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்பது போல.

அதைவிடப் பெரிய விபத்து நேர்ந்திருக்க முடியாது.

படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டப் பட்டைகள். மேலே இருண்ட நிறங்கள், கீழே போகப்போக வெளிச்சம். எல்லாப் பட்டைகளையும் வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு மஞ்சள் கோடு. செல்வம் அண்ணன் ஒரு நொடி பார்த்தார்.

"செக்‌ஷன்" என்றார்.

சுரங்கத்தை நெடுக வெட்டினாற்போல், லெவல் லெவலாக வண்ணம் பூசி வரைந்து அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் செக்‌ஷன். எங்கள் ஊரில் வண்ணப் பட்டை என்றால் அது மட்டும்தான்.

"லெவலு போட்டுகீது பாருங்க. டீச்சராம், டீச்சரு." அவர் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "தப்பா புடிச்சிக்கினு கீறாங்க. இருட்டு கீழ வரணும்."

டீச்சர் அதை நேராகத் திருப்பினார். அண்ணன் மறுபடி திருப்பினார். டீச்சர் மறுபடி. இருவருமே புன்னகை மாறாமல் செய்தார்கள். இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. கலை விமர்சனத்தில் இத்தனை நேரடியான விவாதத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கண்டதில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். மஞ்சள் கோட்டில் விரல் வைத்தார்.

"இது ஷாஃப்ட்டு. எதுன்னு கேளு பாப்பா."

நான் கேட்டேன். டீச்சர் படத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"அது லிஃப்ட்" என்றார். "என் அப்பா ஓட்டியது."

ஒரு பெரிய துணிக்கடையில் அவருடைய தந்தை லிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்திருக்கிறார். பித்தளைப் பொத்தான் வைத்த யூனிஃபார்ம். அந்தக் கடையில் கறுப்பினத்தவர் ஒரு தொப்பியைக்கூடத் தலையில் வைத்துப் பார்க்க முடியாத காலம். சனிக்கிழமைகளில் சிறுமி அந்த ஸ்டூலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போவாள். கம்பிக் கதவுக்கு வெளியே மாடிகள் கடக்கும்: இருட்டு, வெளிச்சம், துணிகளின் நிறம், மறுபடி இருட்டு.

நான் வரிவரியாகச் சொன்னேன். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட சொல் என்று லைன் முழுக்கத் தெரியும்.

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவங்க அப்பாவுக்கு அந்த வேல புடிச்சிருந்துதான்னு கேளு."

கேட்டேன். டீச்சர் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டுப் பதில் சொன்னார். வெறுத்தார். ஒவ்வொரு நாளும். லிஃப்டில் ஏறுகிறவர்கள், அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே தெரியாதது போலப் பேசுவார்கள். முழங்கால் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து கடைக்காரனை ஒரு மணி நேரம் திட்டுவார்.

கூட்டம் என் வாயைப் பார்த்தது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரொம்பப் பிடித்திருந்ததாம்" — இரண்டே சொற்கள். தமிழ் தெரியாத டீச்சர் என்ன செய்துவிட முடியும்? திங்கட்கிழமை பத்திரமாக இருக்கும்.

ஆனால் சொன்னதைச் சொன்னபடியே மொழிமாற்றுவது ஒன்றைத்தான் எனக்குக் கல்லூரி கற்றுத்தந்திருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது? வெறுத்தார் என்றேன். ஒவ்வொரு நாளும் என்றேன். முழங்காலைக்கூட விடவில்லை.

அப்பா சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு, அதுவும் பெரிதாக.

"செல்வம், இது கம்பெனி ஆளு இல்லப்பா."

"எப்டிண்ணா சொல்றீங்க?"

"கம்பெனிக்காரன் எவனாவது நம்மகிட்ட வந்து ஒரு வேலைய மட்டமா சொல்லிக்கிறானா? மூடறதுக்கு வந்தவன்கூட எல்லாம் நல்லா ஆவும்னுதானே சொன்னான்? இது டீச்சருதான்."

தர்க்கம் அசைக்க முடியாததாக இருந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. கைவைத்த நாற்காலிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துப்போகத் தயங்கி நின்றார். டீச்சர் தாமாகவே எழுந்துகொண்டார்.

அப்பாவுக்கு இன்னும் ஒரு கேள்வி மீதமிருந்தது. "லிஃப்ட்ட மாடிக்கு நேரா நிறுத்துவாரா? ஏத்த எறக்கம் இல்லாம?"

"ஒரு பெண்ணின் குதிகால் செருப்புகூடத் தட்டியதில்லை" என்றார் டீச்சர், கொஞ்சம் கோபமாகவே.

அப்பா தலையசைத்தார். ஒரு வைண்டிங் டிரைவருக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை. திங்கட்கிழமை விடியும் முன் எனக்கு முன்பாகவே ஸ்டேஷனில் நின்றிருந்தார். பங்காருபேட்டை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அன்று மாலையே அந்த லிஃப்ட்டின் கயிறு, பிரேக், மணி மூன்றையும் திட்டித் தீர்த்தார். ஒரு மணி நேரத்துக்குக் குறையவில்லை. நானும் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினோம்.

இவ்வருடத் தொடக்கத்தில் சுரங்கம் மூடப்பட்டது. வாங்க எந்த நாட்டுக் கம்பெனியும் வரவில்லை.

பார்சலுக்குள் இருந்தது சிறிய ஓவியம். நனைந்த யானை, பாட்டன் பல், ஆறிப்போன தேநீர் — மூன்றும் மேலிருந்து கீழாக, நடுவே செங்குத்தாக ஒரு மஞ்சள் கோடு. அப்பா அன்றே ஆணி அடித்து மாட்டிவிட்டார். நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன்: இருட்டுப் பட்டை கீழே இருக்கிறது. டீச்சரின் கையெழுத்து மேல் மூலையில் தலைகீழாகத் தொங்குகிறது. சுட்டிக்காட்டினேன்.

"கையெழுத்துதானே பாப்பா தலகீழா கீது? படம் நேராத்தான் கீது" என்றார்.