காதர் பாயின் கட்டைவிரலும் மணிக்கு வந்த கடிதமும்

வாடிக்கையாளர் புகார் சொன்னால், முதலில் காரைச் சோதித்து எழுத வேண்டும். அதன் பிறகே தொழிலாளியிடம் விளக்கம் கேட்கலாம். எங்கள் சர்வீஸ் சென்டரின் விதி இது. தொண்ணூறுகளின் பிற்பாதியில், மலேசியாவில், நான் சீனியர் மெக்கானிக்காக இருந்த சுங்கை வே கிளையில், மேனேஜர் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய் போனில் கத்தினார். சர்வீஸ் முடிந்து இரண்டே நாளில் ரிமோட் கதவைத் திறக்கவில்லையாம். அந்தக் காரைச் சர்வீஸ் செய்தவன் எங்கள் மெக்கானிக் மணி. மேனேஜர் உடனே அவனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அது ஃபைலில் இருக்கும்வரை வேலை நிரந்தரமாகாது. வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

மணி கடிதத்தோடு என்னிடம் வந்தான். "ஆயில்தாண்ணே மாத்துனேன். ரிமோட்ட தொடவே இல்ல."

"எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியலையே."

மறுநாள் சாவியால் கதவைத் திறந்து காதர் பாயே ஓட்டி வந்தார். "புதுக் கார் லா, பாஸ்! உங்க ஆளு கெடுத்துட்டான்." பேசும்போதே அவர் கட்டைவிரல் ரிமோட்டை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தது.

"கடையிலயும் இப்படித்தானா, பாய்?" என்று கேட்டேன்.

"வெல பேசுறப்ப கைக்கு வேல வேணும்ல."

"ஒரு சேலைக்கு எத்தன தடவ அழுத்துவீங்க?"

"அது வர்ற அக்காவப் பொறுத்தது லா."

ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புது எண்ணை அனுப்பும். திருடன் பழைய எண்ணைப் பிடித்து வைத்தாலும் பயனில்லை. காரும் அதே வரிசையை நினைவில் வைத்திருக்கும். ரிமோட் கொஞ்சம் முன்னே போனால் பொறுத்துக்கொள்ளும். காருக்கு எட்டாத இடத்தில் நூற்றுக்கணக்கில் அழுத்தினால், சொந்த ரிமோட்டையே அந்நியமாக நினைத்துவிடும். பாய் இரண்டு நாள் தீபாவளி வியாபாரத்தில் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார்.

சாவியை ஆன் நிலையில் வைத்து, மேனுவல் சொன்ன முறையில் பட்டனை அழுத்தினேன். கார் ரிமோட்டை மறுபடி அடையாளம் கண்டது; நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

பாய் நேராக மணியிடம் போனார். "தம்பி, மன்னிச்சுக்க. வெரல் என்னோடது, பழி ஒனக்கு."

ஆனால் கொடுத்த கடிதத்தை ரத்து செய்ய ஷா ஆலம் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமே அதிகாரம். சோதனை அறிக்கையை அன்றே அனுப்பினேன். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டல் எழுதினேன், அதற்கும் இல்லை. கடைசியில் பாயே பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தை மாதத்தில் நாள் குறித்தார்கள்.

நான் கற்றது இதுதான்: முதலில் காரைப் பாருங்கள், பிறகு பேனாவை எடுங்கள். எழுதியதை அழிக்க எழுதியவராலேயே முடியாது.

கடிதம் ரத்து என்ற தலைமை அலுவலகத்தின் பதில், மணியின் கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள், பிப்ரவரி பதினொன்றாம் தேதி வந்தது.