மஞ்சளைப் பார்க்கத் தெரிந்தவர்

என் கணையத்தில் கல் இருப்பது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. முன்னால் குனிந்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும். குனிந்தபடியே திருத்தங்கல் பிரஸ்ஸில் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிப்பேன்.

போன காலண்டர் சீசனில் உடம்பெல்லாம் அரித்தது. பேப்பர் தூசி என்று சோப்பை மாற்றினேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. தண்ணீர் குடிக்காத குற்றம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டில் நான் ஒருத்திதான். முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல இன்னொரு ஆள் கிடையாது.

பிரஸ்ஸில் கலர் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். மெஷினில் இருந்து வரும் ஷீட்டை வெள்ளை லைட்டுக்கு அடியில் விரித்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். இரண்டு வருஷத்தில் நாங்கள் நாலு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அவர் மேஜையில் ஷீட்டுக் கட்டு எடுக்கப் போனேன். தலையைத் தூக்கியவர் என்னையே பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன அப்படிப் பாக்கீக?"

"கோவப்படாதீகக்கா. கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு."

"லைட்டு வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்."

"நாள் பூரா நான் பாக்கிறது கலரைத்தானக்கா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பக்கத்து வீட்டுக்காரி கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்றாள். அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மதுரைக்கே போனேன். கணையம் வீங்கிப் பித்தக் குழாயை நெருக்கிவிட்டதாம். வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்து அடைப்பைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். "தண்ணி பழக்கம் உண்டா?" என்றும் கேட்டார். "காப்பிப் பழக்கம் உண்டு" என்றேன், கடுப்பில்.

நர்ஸ் கேட்டாள், "கண்ணு மஞ்சளா இருக்குன்னு யாரு பாத்தா? வீட்டுக்காரரா?"

"அவரு போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு. பிரஸ்ல ஒருத்தரு பாத்தாரு."

திருப்பூரில் இருந்து மகன் வந்து கையெழுத்துப் போட்டான், குழாய் வைத்தார்கள். இரண்டாம் நாள் போய்விட்டான். குழாயை மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும், நடுவில் அடைத்தால் மஞ்சள் திரும்பும், உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வேலைக்குத் திரும்பியதில் இருந்து தினமும் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த லைட்டுக்கு அடியில் போய் நிற்பேன். அவர் ஒரு பார்வை பார்ப்பார். "வெள்ளையாத்தான் இருக்கு" என்று ஷீட்டுக்குத் திரும்பிவிடுவார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு பார்வைக்காகத் தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன். தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு மனுஷர் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் ஆர்டர் நின்றது. அவர் கோயம்புத்தூரில் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாசியில் மறுபடி அரிப்பு. மகனுக்குப் போன் போட்டேன். "போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றான். அனுப்பினேன். "நல்லாத்தானம்மா இருக்கு" என்றான். அந்தப் போன் என்னைப் பத்து வயது குறைத்துக் காட்டும் போன்.

பிரஸ்ஸில் இருந்து கொண்டுவந்து வீட்டில் போட்டிருந்த கழிவு ஷீட்டின் ஓரத்தில் கலர் பார்ப்பதற்கென்று ஒரு மஞ்சள் கட்டம் அச்சாகியிருக்கும். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கண்ணோரம் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை விழியிலும் அந்த மஞ்சள் ஏறியிருந்தது. பக்கத்தில் யாராவது இருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது. முகத்தைக் கழுவிவிட்டு மதுரை பஸ் ஏறினேன்.

அதே நர்ஸ்தான். "இந்தத் தடவை யாரு பாத்துச் சொன்னா?"

"நானேதான் பாத்துக்கிட்டேன்" என்றேன்.